அப்பா போனில் புகுந்த ‘சரி’

ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரையே ஆட வைக்கலாம் என்று எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. முதலில் ‘ஆமா’வை வைத்து ஒரு ஆல்பம் பாட்டு வந்தது. அது ஓய்வதற்குள் ‘ஓகே’வை வைத்து இன்னொன்று. அதற்கப்புறம் வந்து சக்கைப்போடு போட்டதுதான் ‘சரி’ பாட்டு. காதலி என்ன கேட்டாலும் காதலன் சரி சரி சரி என்கிறான், நடுவில் கொஞ்சம் தவில், அவ்வளவுதான். எழுதினவர் டீ ஆறுவதற்குள் எழுதி முடித்திருப்பார். ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் அது, ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் அது, எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் பர்த்டே பார்ட்டியில் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வீட்டில் தவம் கிடந்தேன்.

அப்பா ஃபேக்டரியில் சார்ஜ்மேன். யார் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: பார்க்கலாம். லீவு கேட்கிற ஆட்களுக்குப் பார்க்கலாம், மிக்ஸி மாற்றணும் என்ற அம்மாவுக்குப் பார்க்கலாம். என்னோடு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற கரையான்சாவடிப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் சொன்னதற்கும் அதேதான். பையனின் அப்பா பெயிண்ட் கடைக்காரர். தை மாசத்தில் மனைவியோடு பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து முறையாகக் கேட்டார். எங்கப்பா கேசரி, காபி எல்லாம் கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு, பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்றாலாவது சண்டை போடலாம். பார்க்கலாமோடு எப்படிச் சண்டை போடுவது?

சித்திரை பிறந்ததும் பையன் வீட்டில் பொறுமை போய்விட்டது. இந்த மாசத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்க்கப்போவதாக அவன் அம்மா சொல்லிவிட்டாளாம்.

இந்த லட்சணத்தில்தான் அப்பா போனுக்குள் அந்தப் பாட்டு புகுந்தது. வேலைக்கு வராத ஆள் ஒருவருக்கு அப்பா போன் போட்டார். அப்பாவுக்குப் போன் என்றாலே ஸ்பீக்கர்தான், அதனால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆளின் காலர் டியூன் ‘சரி’ பாட்டு. நடுவில் ஒரு பெண் குரல், இந்தப் பாட்டு உங்களுக்கும் வேண்டுமென்றால் ஸ்டாரை அழுத்துங்கள் என்றது. மனுஷர் யார் சொன்னாலும் அசையாத எங்கப்பா, மெஷின் சொன்னால் மட்டும் மறுபேச்சு பேசமாட்டார். பேங்குக்குப் போன் பண்ணிப் பண்ணி வந்த பழக்கம். அழுத்து என்றது, அழுத்திவிட்டார்.

காலர் டியூன் கூப்பிடுகிறவருக்குத்தான் கேட்கும், போனுக்குச் சொந்தக்காரருக்குக் கேட்கவே கேட்காது. அன்றிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் முதலில் சரி சரி சரி என்று கேட்டது. அப்புறம் அவர் எடுத்து, பார்க்கலாம் என்றார். பாட்டிலேயே லீவு சாங்ஷன் ஆகிவிடுகிறது, சார் எடுப்பதற்குள் கட் பண்ணிவிட வேண்டும் என்று ஆட்கள் சிரித்தார்களாம். அம்மா அவரிடம் சொல்லிவிடலாம் என்றாள். நான்தான் விடவில்லை. ஆபீஸில் சும்மா இருக்கிற நேரத்தில் அவருக்குப் போன் போட்டு, அவர் எடுப்பதற்குள் கட் பண்ணுவேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் அப்பா நம்பரிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சித்திரையின் கடைசி ஞாயிறு சாயங்காலம், பெயிண்ட் கடைக்காரரே கூப்பிட்டார். வழக்கம்போல ஸ்பீக்கர். அவர் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

“இன்னா சார், போன் போட்டா உங்க பாட்டு சரி சரின்னுகினே கீது. நீங்கதான் ஒண்ணும் சொல்ல மாட்றீங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவம், அலுத்துப்போய்ச் சொன்னார். அப்பா, அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டு, என்ன பாட்டு என்று எங்களைக் கேட்டார். அம்மா சமையலறைக்குள் நழுவிவிட்டாள். நான் மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் அம்மாவின் போனை எடுத்துத் தன் நம்பருக்குத் தானே போட்டார். மடியில் அவர் போன் அடிக்க, அம்மாவின் போனில் பாட்டு ஓடியது. முழுக்கக் கேட்டார். மறுபடி போட்டுக் கேட்டார். இன்றைக்குத் தொலைந்தோம் என்று நான் கதவோரமாக நின்றேன்.

“இவ்ளோ நாளா எல்லார்கிட்டயும் இதுவா பேசிச்சு?”

தலையாட்டினேன்.

“எடுத்துடு. நானே பேசிக்கிறேன்.”

அவர் போனை வாங்கிப் பாட்டை எடுத்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெயிண்ட் கடைக்காரருக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் எடுத்ததும் அப்பா தொண்டையைச் செருமினார்.

“என்ன சம்பந்தி, டிபன் ஆச்சா?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சமையலறையில் அம்மா கேஸை அணைத்தது கேட்டது.

“இப்பதான் சம்மந்தி, தோசை துன்னுகினு கீறேன்” என்றார் அவர். வாயில் பாதித் தோசை இருந்ததோ என்னவோ, குரலே சரியாக வரவில்லை.