நீட்டி நின்ற வரிசை

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. இருந்த ஒரே வியாதி, கட்சியின் பொருளாளர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். ஒரே வாளிப் பசையில் ஆளுக்கொரு பக்கம் கையை விட்டுச் சுவரொட்டி ஒட்டிக் கட்சிக்குள் வந்தவர்கள். "அவன் ஒட்டினா மூலை கெளம்பி நிக்கும்" என்பார் இவர். "இவன் ஒட்டினா தலைவரே தலைகீழா நிப்பாரு" என்பார் அவர். பிறகு இவர் செயலாளர் ஆனார், அவர் பொருளாளர் ஆனார். இவர் நாற்காலியும் மைக் செட்டும் வாடகைக்கு விடும் கடை போட்டார். அவர் நேர் எதிரே பெயின்ட் கடை போட்டார். எங்கள் இரும்பு நாற்காலிகள் துருப்பிடித்தால் இவர் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பெயின்ட் வாங்கி வருவாரே தவிர, தெருவைத் தாண்டமாட்டார்.

கட்சிச் சுவரொட்டி அச்சாகி வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கமாட்டார். அளவு நாடாவை எடுத்து இரண்டு பேர் படத்தையும் அளப்பார். "பாரு இந்த அநியாயத்த. அவனுக்கு ரெண்டு காதும் முழுசா போட்டிருக்கான். எனக்கு ஒரு காத வெட்டிட்டான்."

"அவருக்குக் காதாவது பாக்கற மாதிரி இருக்கு" என்று ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்று முழுக்க மனிதர் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? பொருளாளர் பெண்டாட்டியைக் கண்டாலே எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரியும். மகளிர் அணிக் கூட்டத்துக்குப் பாதியில்தான் வருவாள். வந்ததும் முன்வரிசையில் இருக்கிற யாராவது அடித்துப் பிடித்து எழுந்து இடம் கொடுப்பார்கள். எனக்கு அப்படி எழுந்து கொடுத்த ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். இத்தனைக்கும் அவள் உட்காரும் நாற்காலி எங்கள் கடை நாற்காலி!

இப்படி நாங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பொருமிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பேக்கரிக்காரன் வந்தான். நகரம் முழுக்கக் கிளை வைத்திருப்பவன். கட்சியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பசை வாளி தூக்கியதில்லை, போலீஸிடம் அடி வாங்கியதில்லை. வந்த வேகத்தில், நகரசபைத் தேர்தலுக்கு நான்தான் வேட்பாளர் என்றான்.

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க எல்லாம் எங்கேர்ந்தோ வந்து ஒட்டிக்கிட்டவங்க. நம்ம வேலை, நம்ம தண்ணி, நம்ம பிள்ளைங்க படிக்கற பள்ளிக்கூடம், எல்லாம் அவங்க கையில. நான் வந்தா ஒரே மாசத்துல காலி பண்ண வெப்பேன்!" என்று மைக்கில் கத்துவான். அதுவும் எங்கள் மைக். கேட்டவர்களில் பாதிப் பேர் விசிலடித்தார்கள், பாதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள்கூட அவனால் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் கடை மாடியில் தையல் மெஷின் போட்டிருந்த பெண் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக்காரி. அங்கே ஒற்றை அறையில் குடும்பமே இருந்தது. ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"அண்ணே, அந்த ஆளு வந்தா நெசமாவே எங்கள வெரட்டிடுவாங்களா? போறதுக்கு எங்களுக்கு வேற எடமே இல்லண்ணே."

"நான் எதுக்கு இருக்கேன்? அவன உள்ள விட்டா என் பேர மாத்திக் கூப்பிடு" என்றார் என் வீட்டுக்காரர். பொறாமைக்காரர்தான், ஆனால் ஈரம் இல்லாதவர் இல்லை. அவளும் நம்பிக்கையோடு மேலே போய் மெஷினை மிதித்தாள்.

எங்கள் கட்சியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. போட்டி போடுகிறவர்கள் மண்டபத்தில் சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். உறுப்பினர்கள் தமக்குப் பிடித்தவரின் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். மணி அடிக்கும்வரை வரிசை மாறலாம். அடித்த பிறகு கால் நகரக்கூடாது. எண்ணி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது. யார் நின்றார், யார் நிற்கவில்லை என்று பின்னால் பகை வளரக்கூடாதாம். எந்த வரிசையில் ஆள் அதிகமோ, அவர்தான் வேட்பாளர்.

பேக்கரிக்காரனைத் தடுக்க என் வீட்டுக்காரரும் போட்டி என்றார், பொருளாளரும் போட்டி என்றார். மாவட்டத் தலைவர் பதறிப்போய் எங்கள் வீட்டுக்கே வந்து இருவரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்தார். வயதானவர், யார் மனமும் நோகப் பேசத் தெரியாதவர்.

"ரெண்டு பேரும் நின்னா ஆளு பிரிஞ்சுடும். ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சும்மாவா சொன்னாங்க? ஒருத்தர் விலகுங்கப்பா. விட்டுக் கொடுத்தவன் கெட்டுப் போனதில்ல."

"ரொம்பச் சரி தலைவரே. பொருளாளர் கெட்டுப் போகாம நல்லா இருக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஐயோ, மொதல்ல செயலாளர் நல்லா இருக்கட்டும். நான் எப்படியோ போறேன்" என்றார் பொருளாளர்.

நான் பொருளாளருக்கு விளிம்பு உடைந்த கோப்பையாகப் பார்த்துத் தேநீர் கொடுத்தேன். கூட வந்திருந்த அவர் பெண்டாட்டி அதைக் கவனித்தாள். கவனிக்கட்டும் என்றுதான் கொடுத்தேன்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. இருவரும் உட்காருவது. மணி அடிப்பதற்கு முன்னால் இரண்டில் எந்த வரிசை குட்டையோ, அது அப்படியே நகர்ந்து நீளமான வரிசையில் சேர்ந்துகொள்வது. இருவரும் சேர்ந்தால் பேக்கரிக்காரன் காற்றில் பறப்பான். உட்கார்ந்திருப்பவர்கள் திரும்ப முடியாது என்பதால், பின்னால் நின்று பார்த்து முடிவு சொல்வது நானும் பொருளாளர் பெண்டாட்டியும். தலைவர் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

வரிசை நிற்கிற நாள் காலையில் முகம் மழிக்கும்போதே என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். "மணி அடிக்கற வரைக்கும் ஆளு எத்தனைன்னு எவனும் எண்ணப் போறதில்ல. நீளந்தான் கணக்கு. ஒவ்வொருத்தரும் ஒரு கை தூரம் தள்ளித் தள்ளி நிக்கச் சொல்லு."

அப்படியே நிறுத்தினேன். எங்கள் வரிசை மண்டபத்தைத் தாண்டி, படி இறங்கி, தெருவரைக்கும் போயிற்று. பெருமையோடு பக்கத்தில் பார்த்தால், அந்த மகராசியும் தன் ஆட்களைக் கையை விரிக்கச் சொல்லி, இடையிடையே குடையும் பையும் வைத்து நிறுத்தியிருக்கிறாள்! பேக்கரிக்காரன் வரிசை மண்டபத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. இவ்வளவுதானா இவன் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்றார் தலைவர், மணியைக் கையில் வைத்துக்கொண்டு.

"எங்க வரிசை தெருவுக்கே போயிடுச்சு. உங்க ஆளுங்கள இந்தப் பக்கம் கூட்டிட்டு வாங்க" என்றேன் நான்.

"தெருவுல நிக்கறதுல பாதிப் பேரு பஸ்சுக்கு நிக்கறாங்க அக்கா. எங்களுது வாசல்ல மடங்கி உள்ள வருது, கண்ணத் தொறந்து பாருங்க."

"மடங்கற வரிசை எல்லாம் கணக்குல வராது."

"யாரு சொன்னா? உங்க வீட்டுச் சட்டமா?"

நீ வா, நீ வா என்று இப்படியே இழுத்துக்கொண்டிருந்தோம். தலைவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். வரிசையின் வாலைக் காட்டுகிறேன் வா என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பேக்கரிக்காரன் ஆட்களைத் தாண்டி நடந்தேன். அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அவர்கள் தட்டில் அடுக்கிய பன் போல ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். ஊசி நுழைய இடமில்லை. எனக்குப் பகீர் என்றது. அவளும் பார்த்துவிட்டாள்.

"அக்கா, யாராவது ஒருத்தர் போயே ஆகணும்" என்றாள் மெதுவாக.

"ஆமா. வந்துடுங்க."

"நீங்க வந்துடுங்களேன்."

நான் போயிருக்கலாம். மாடியில் மெஷின் மிதிக்கிற பெண் நினைவுக்கு வந்தாள், காலைக்கூடத் தூக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பொருளாளர் பெண்டாட்டியின் உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்கிற மாதிரி. காலைக் கீழே வைத்துவிட்டேன். தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து மணியை அடித்தார்.

எண்ணினார்கள். பேக்கரிக்காரன் எங்கேயோ இருந்தான். எங்கள் இரண்டு வரிசையையும் கூட்டினால் அவனைத் தாண்டும். தனித்தனியாக அவன் ஆட்களில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதோடு சரி.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே கிசுகிசுத்தார். "அவனுக்கு எத்தனைடி?"

"போச்சுங்க. பேக்கரிக்காரந்தான்..."

"அத விடு. பொருளாளருக்கு எத்தனை?"

"உங்களவிட ஒண்ணு கம்மி."

அவர் முதுகு நிமிர்ந்தது. "நான் சொல்லல?" என்றார். கழுத்துவரைக்கும் அவருக்குச் சிவந்துவிட்டது. மறைப்பானேன், எனக்கும் ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவனின் கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

உள்ளே பேக்கரிக்காரனைத் தோளில் தூக்கிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பக்கவாசல் வழியாக வெளியே வந்தோம். அங்கே தையல்காரப் பெண் இடுப்பில் குழந்தையோடு காத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் முகத்திலிருந்த சிரிப்பு இன்னும் இறங்கவில்லை. அவளைப் பார்த்ததும், "ஒண்ணு கூடம்மா! எனக்கு ஒண்ணு கூட!" என்றார்.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்ண்ணே, நீங்க விடமாட்டீங்கன்னு. அப்ப நாங்க எங்கயும் போக வேணாம்ல?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் குழந்தையைக் கீழே இறக்கி, "மாமாவுக்குக் கும்புடு போடுடா" என்றாள்.