மிராசுதார்களின் பிள்ளைகள்

புளித்த ரப்பர் பாலின் வாடைக்குக் கதவு தெரியாது, பதவி தெரியாது. ஜோகூர் பாருவில் நான் எழுத்தராக இருக்கும் கல்லூரியின் ஆசிரியர் அறைக்குள் திங்கட்கிழமை தோறும் அது வந்து உட்காரும். அத்தர் பூசிய கனவான்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்வார்கள். வாடை வந்தது வீரப்பனின் வெள்ளைக் கோட்டிலிருந்து. புதிதாகச் சேர்ந்த கணித ஆசிரியர். சென்னையில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறியவர், சனி ஞாயிறு செடெனாக் ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் பெற்றோருடன் இருந்துவிட்டு விடியற்கால ரயிலில் வருகிறவர். எனக்கு அந்த வாடை புதிதல்ல. கப்பலிலிருந்து இறங்கிய காலத்தில் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரண்டு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, இருட்டுப் பிரியாத நேரத்துப் பெரட்டு வரிசையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டவன் நான். பிறகு ஊரை மாற்றினேன், சட்டையை மாற்றினேன், சோப்பைக்கூட மாற்றினேன். அந்த வாடை என் புதிய விலாசத்தை எப்படியோ தெரிந்துகொண்டது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இங்குள்ள ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். கடல் தாண்டிய தமிழனின் தகப்பனார் மிராசுதார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது அவர் வேறு ஏதாவதாக இருந்திருக்கலாம். மூன்றாம் நாள் கரை மறைந்து வாந்தியும் நின்றதும், அவருக்கு நிலம் முளைக்கத் தொடங்கும். பினாங்கு கண்ணில் படும்போது இருபது வேலி. ஊரில் இந்தப் பொய்யைச் சொல்ல முடியாது; தெருவில் யாராவது சிரித்துவிடுவார்கள். இங்கே சிரிக்க ஆளில்லை. எதிரில் நிற்பவரும் மிராசுதார் மகன்தான்.

எங்கள் கல்லூரி வருஷந்தோறும் ஒரு கையேடு அச்சிடும். அதில் ஒவ்வோர் ஆசிரியரின் பட்டமும், முன்பு பார்த்த உத்தியோகமும், தகப்பனாரின் தொழிலும் இருக்கும். அவர்கள் எழுதித் தரும் படிவங்களை அச்சுக்குத் தகுந்தாற்போலத் திருத்துவது என் வேலை. பதினோரு வருஷமாகத் திருத்துகிறேன். இரண்டு முறை பரீட்சையில் தோற்றவரைப் 'பி.ஏ. வரை பயின்றவர்' ஆக்கினேன். பர்மாவில் கட்டை எண்ணிக்கொண்டிருந்த வெள்ளைக்காரரைக் 'கீழைநாடுகளில் நீண்ட அனுபவம் உடையவர்' ஆக்கினேன். ஒருவரும் கேட்டதில்லை, ஒருவரும் மறுத்ததுமில்லை. கையேடு வந்த அன்று என் மேஜைக்கு ஒரு பெட்டி பிஸ்கட் வரும். அறிவு வளர்க்கும் இடத்தில் நான் பார்த்த ஒரே நன்றி அந்தப் பிஸ்கட்தான். பிரின்சிபால் துரை ஒருமுறை பக்கங்களைப் புரட்டிவிட்டு, அப்படியானால் உங்கள் தேசத்தில் நிலத்தை உழுவது யார் என்று கேட்டார். ஆட்கள் இருக்கிறார்கள் ஐயா என்றேன். பதில் கிடைத்துவிட்டதாக அவர் தலையாட்டினார். அலுவலகப் பியூன் ஹசான், தன் அப்பா மெர்சிங்கில் வலை இழுக்கிறார் என்று யாரிடமும் நிமிர்ந்து சொல்வான். அவனுக்குக் கையேட்டில் இடமில்லை.

எழுத்தருக்கும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. என் தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாலுகாக் கச்சேரியில் டவாலி மாட்டிய சேவகர். வாசலில் நின்று வாதி பிரதிவாதி பெயரைக் கூவியே தொண்டை கெட்டவர். கையேட்டில் அவருக்கு எட்டு வேலி நிலம். நானே கொடுத்தேன். அடக்கமாக எட்டு.

வீரப்பனின் படிவம் வந்தபோது தகப்பனார் தொழில் என்ற இடத்தில், 'பால்மரம் வெட்டுகிறார், செடெனாக்' என்று கோணாத எழுத்தில் இருந்தது. மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் கூலி என்று அர்த்தம். ஆங்கிலம் கற்பிக்கும் சாம்பசிவம் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அந்த இரண்டு முறை தோற்றவர் இவர்தான்.

"என்ன ஓய் இது, நம்ம பேருக்கு நடுவுல இத வேற போடப்போறீரா? நாளைக்கு நம்மளையும் லயத்துல எந்த வாசல்னு கேப்பான்" என்றார்.

அவருக்குப் பயந்து செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை பழகியிருந்தது. எல்லாருக்கும் செய்த உபகாரத்தை இவருக்கும் செய்தேன், கேட்காமலே. கையேட்டில் வீரப்பனின் தகப்பனார் செடெனாக்கில் ரப்பர்த் தோட்ட உரிமையாளர் ஆனார்.

நாங்கள் கண்டுபிடித்த நிலமெல்லாம் கடலுக்கு அப்பால் கிடந்தது. யாரும் போய்ப் பார்க்க முடியாது. இந்த நிலமோ ரயிலில் போனால் எட்டும் தூரத்தில். பதினோரு வருஷத் திறமையில் அது எனக்குத் தோன்றவில்லை. கையேடு கல்லூரிச் சபைக்குப் போனது. அந்த மாதம்தான் வீரப்பனின் வேலையை நிரந்தரமாக்குவது பற்றிப் பேச்சு. சபையில் செடெனாக் தோட்டத்து மானேஜர் துரையும் ஒருவர். என் மரத்தை வெட்டும் கூலி எப்போது முதலாளியானான் என்று அவர் கேட்டாராம், சபை சிரித்ததாம்.

பிரின்சிபால் வீரப்பனை அழைத்தார். நான் அப்படி எழுதவில்லை, எழுதிய படிவத்தைப் பாருங்கள் என்று வீரப்பன் சொன்னார். என்னைக் கூப்பிட்டார்கள். படிவம் என் மேஜை இழுப்பறையில், மற்றவர்களுடைய படிவங்களுக்கு மேலே, சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. அதை எடுத்தால் அடியில் இருப்பதும் வரும். சாம்பசிவம் வருவார், கட்டை எண்ணியவர் வருவார், கடைசியில் டவாலியோடு என் தகப்பனார் வருவார். செல்லரித்துவிட்டது ஐயா என்றேன். இந்த நாட்டில் கரையானை நம்பாத துரை கிடையாது. வீரப்பன் என்னைப் பார்த்தார். கோபமில்லை, விடை தப்பிய கணக்கில் எந்த வரியில் பிழை என்று தேடுகிற பார்வை. பொய்யர் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று வேலைநீக்கக் கடிதம் தயாராயிற்று. தட்டச்சு செய்தவன் நான். ஒரு பிழையும் இல்லாமல் செய்தேன்.

அன்று மாலை ஆசிரியர் அறையில் வழக்கம்போலத் தேநீர். மிராசுதார்களின் பிள்ளைகள் உதட்டைக் குவித்து ஊதிக் குடித்தார்கள். நல்ல பையன், ஆனால் உண்மை பேசியிருக்கலாம் என்று சாம்பசிவம் வருத்தப்பட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பள்ளத்தில் விழுந்தவனுக்கு நடை சொல்லிக்கொடுக்கும் இந்தக் கூட்டத்தில்தான் எனக்குச் சோறு. அன்றைக்கு அந்தத் தேநீரை நானும் குடித்தேன்.

மறுநாள் அந்தியில், வீரப்பன் கிளம்பும் நேரம் பார்த்து ரயிலடிக்கு ஓடினேன். படிவம் என் சட்டைப்பைக்குள். தெற்கே கடல்மேல் போட்ட கற்பாதை. அதைத் தாண்டினால் சிங்கப்பூர், கப்பல், நாகப்பட்டினம், என் பொய்யைக் கேட்டுச் சிரிக்கக் காத்திருக்கும் தெரு. வடக்கே செடெனாக். வீரப்பன் தன் தகப்பன் இருக்கும் திசைக்குச் சீட்டு வாங்கியிருந்தார். எந்தத் திசைக்கும் சீட்டில்லாமல் நடுவில் நின்றேன். வண்டி ஊதியது. மன்னிக்கச் சொல்லி ஏதோ பேசினேன். என்ன என்று எனக்கே நினைவில்லை. ஜன்னல் வழியாகப் படிவத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு சார் இது? நான் என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியும்" என்றார். வண்டி நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி, வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்:

"பிரின்சிபால் துரைகிட்ட குடுங்க."