தளிகைக்கு ருசி பார்க்காதவள்

புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போடுவோம். காலையில் நாமமிட்ட செம்போடு நாலு வீடு போய், "கோவிந்தா" என்று அரிசி வாங்கி வந்து அதில்தான் பொங்க வேண்டும். சமைப்பவள் ருசி பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் சாமிக்கு அது எச்சில். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து என் மனைவிதான் சமைத்தாள். கைநிதானத்தில் போட்ட உப்பு ஒருநாளும் தப்பியதில்லை.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் அவளுக்கு டைபாய்டு வந்தது. திரும்பத் திரும்ப வந்ததால் ஊசியும் மாத்திரையும் ஓயவில்லை. காய்ச்சல் விட்டது, வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. ஒரு கரண்டி சோறு தின்றாலும் உப்பிசம். ராத்திரி வெறும் கஞ்சி, சனிக்கிழமை விரதம். அப்படியும் உடம்பு ஊதிக்கொண்டே போய், ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைத்தாள்.

உத்திரமேரூரில் டாக்டரிடம் காட்டினோம்.

"வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கும்மா. எல்லாமே கெட்டது இல்ல. ஒண்ணு சோத்த உடைக்கும், அது விட்டத இன்னொண்ணு தின்னும். மருந்துல சிலது செத்துட்டா அதுங்களுக்குள்ள ஒத்துமை போயிடும். மிஞ்சினதுங்க கொஞ்சம் சோத்துலயே நிறைய சத்தைப் பிழிஞ்சிடலாம், அது கொழுப்பா தங்கலாம். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"அதுக்கு மருந்து எதுனா கீதா சார்?" என்று கேட்டேன்.

"இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. தயிர் சேத்துக்குங்க, நடங்க."

அந்தப் புரட்டாசியில் அவள் பொங்கலை இறக்கப் போகும்போது, என் அண்ணி வாசற்படியில் நின்று கேட்டாள்.

"பட்டினி கெடந்து வந்த ஒடம்பாடி இது? சாமிக்கு முன்னாடி நீ துன்னுட்டுத்தான் எறக்குறியா?"

வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் குறுக்கே போனேன்.

"இல்ல அண்ணி, வயித்துல கீற கிருமி பண்ற வேலன்னு டாக்டரு சொன்னாரு."

"ஓகோ, கிருமிதான் ருசி பாத்துச்சா?"

மறுபடியும் சிரிப்பு. எல்லாம் தெரிந்தவர் ஆயிற்றே என்று பெருமாள் படத்தைப் பார்த்தேன். அவரும் சாட்சி சொல்ல வரவில்லை. அவள் கரண்டியைக் கழுவி அண்ணியிடம் நீட்டினாள்.

"நீங்களே எறக்குங்கக்கா. நான் தொட்டா சாமி துன்னாதுன்னு சொல்லுவீங்க."

அதிலிருந்து அண்ணிதான் சமைக்கிறாள். இவள் தள்ளி நின்று கோவிந்தா போடுகிறாள். பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தின்றால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று அப்படியே என் இலையில் வைத்துவிடுகிறாள்.

நான் தின்கிறேன். வேறென்ன செய்ய?