பென்சிலக்கா கேட்ட ஒரு சொல்

பேரவைக் கட்டடத்தில் வாசல் காவலாளியிலிருந்து பேரவைத் தலைவர் வரைக்கும் அவரைப் பென்சிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை சுருக்கெழுத்து. தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை, அதில் ஒரு குறிப்பேடு, நான்கு பென்சில், அவற்றைச் சீவ ஒரு தகரத் துருவி. உறுப்பினர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். பத்து நிமிடம் ஆனதும் அடுத்தவர் வந்து உட்காருவார். இவர் மாடிக்குப் போய் எழுதியதைத் தட்டச்சு செய்வார். யார் இருமினார், யார் குறுக்கே பேசினார் என்பதுகூட அந்தக் காதுக்குத் தப்பாது. வீட்டில் கணவர் அடுத்த அறையில் முணுமுணுத்தாலும் பதில் வந்துவிடும். அதனாலேயே அந்த மனிதர் முணுமுணுப்பதை விட்டுவிட்டார்.

அந்த அவையில் நூற்று நாற்பது பேர். நூற்று நாற்பது பேரும் ஒரே கட்சி. கட்டடம் கட்டிய காலத்தில் எதிர்க்கட்சிக்கென்று இடப்பக்கம் இருக்கைகள் போட்டிருந்தார்கள். அவற்றை வீணாக்குவானேன் என்று புதிதாக வந்தவர்களை அங்கே உட்கார வைத்தார்கள். அமைச்சர்கள் அவைக்கு வருவது மாமியார் வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிற மாதிரி இருக்கும். உபசாரம் பலமாக நடக்கும், கேள்வி மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விகளை அமைச்சகமே எழுதி அனுப்பிவிடும். தனக்கு வந்த கேள்வியை ஒருவர் தப்பும் தவறுமாகப் படித்தபோது, அமைச்சரே எழுந்து திருத்திக் கொடுத்ததும் நடந்திருக்கிறது.

அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாக்கெடுப்புப் பக்கத்தைச் சுருக்கெழுத்துப் பிரிவினர்தான் தட்டச்சு செய்வார்கள். பிறகு, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சட்ட அமைச்சகம் மசோதாவோடு அந்தப் பக்கத்தையும் சேர்த்தே அனுப்ப ஆரம்பித்தது. ‘மசோதா ஒருமனதாக நிறைவேறியது’ என்று அடித்து, நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். அவையின் பக்கத்தை அமைச்சகம் எப்படி எழுதலாம் என்று பிரிவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை. ஒரு பக்கம் மிச்சமாயிற்றே என்று சந்தோஷப்பட்டார். உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

மூத்தவர் என்பதால் வாக்கெடுப்பு நேரத்தில் மேசையில் உட்காருவது எப்போதும் அக்காதான். தலைவர், “ஆதரிப்பவர்கள் ஆம் என்க” என்பார். அவை ஒரே குரலில் “ஆம்” என்று முழங்கும். “எதிர்ப்பவர்கள் இல்லை என்க” என்பார். ஒரு சத்தமும் வராது. எழுத ஒன்றுமில்லாத அந்த அரை நிமிடத்தில் பென்சில் சீவிக்கொள்வது அக்காவின் வழக்கமாகிவிட்டது. பதினோரு வருடப் பழக்கம். தலைவர் “ஆதரிப்பவர்கள்” என்று தொடங்கும்போதே கை தானாகத் துருவிக்குப் போய்விடும்.

ஒரு நாள் ஆணைகள் மசோதா வந்தது. இனிமேல் அவசரம் என்றால் அரசு தானே ஆணை போட்டுக்கொள்ளலாம், அது சட்டம் மாதிரியே செல்லும், அவைக்குப் பிற்பாடு தெரிவித்தால் போதும் என்பது அதன் சாரம். எது அவசரம் என்பதையும் அரசே முடிவு செய்யும். அதாவது, தன் கையில் இருந்த சாவியை அவை தானே எடுத்து நீட்டப்போகிறது. அதற்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

தலைவர் எதிர்ப்பவர்களைக் கேட்டார். துருவி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல், “இல்லை” என்றது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். சொன்னவர் மாட்டு டாக்டர். கட்சிக்கு வருமுன் கால்நடை மருத்துவர். அவையிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கையில் இருந்த தாளைப் பார்த்து, “ஒருமனதாக நிறைவேறியது” என்று படித்தார். அடுத்த அலுவல் தொடங்கிவிட்டது. அக்கா பென்சிலைக் குறிப்பேட்டில் வைத்தபோது அமைச்சர் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்.

மாடிக்குப் போனதும் பிரிவு அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல. யாரும் கேட்கிறார்களா என்று கதவைப் பார்த்துவிட்டு, “குறிப்புல எழுதினீங்களா?” என்றார்.

“எழுதல சார். பென்சில் சீவிட்டிருந்தேன்.”

“அப்ப அவர் சொல்லல.”

யாரும் மிரட்டவில்லை, எதையும் அழிக்கச் சொல்லவில்லை. அதிகாரி அப்படிச் சொன்னதும் அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. பின்னாளில் அவரை அரித்தெடுத்தது அந்த நிம்மதிதான்.

மறுநாள் மாட்டு டாக்டர் மாடிக்கே வந்தார். அச்சுக்குப் போகுமுன் மூன்று நாள் உறுப்பினர்கள் வந்து பதிவைப் பார்த்துத் திருத்தலாம் என்பது விதி. வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பேச்சில் ‘மாண்புமிகு’ விட்டுப்போயிற்றா என்று பார்க்கத்தான் வருவார்கள். இவர் நின்றபடியே வாக்கெடுப்புப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். ஒரு திருத்தச் சீட்டு வாங்கி, ‘நான் இல்லை என்றேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, அப்போது மேசையில் இருந்த சுருக்கெழுத்தாளர் தம் காதில் விழுந்ததென்று கையெழுத்துப் போட்டால்தான் சீட்டு செல்லும்.

“நீங்க நிமிந்து என்னப் பாத்தீங்கம்மா,” என்றார்.

“குறிப்புல இல்லீங்க ஐயா.”

“நான் குறிப்பக் கேக்கல. உங்களுக்குக் கேட்டுச்சா?”

ஒரு நாள் அவகாசம் கொடுங்கள் என்றார் அக்கா. டாக்டர் சரி என்று சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் கணவரிடம் சொன்னபோது, ஊர் வம்பு நமக்கு எதுக்கு, மகளுக்கு அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைக்கும் நேரம் என்றார் அவர். அது நியாயமாகத்தான் பட்டது. சீட்டு மூன்றாம் நாள் சாயங்காலம் வரை மேசையிலேயே கிடந்து காலாவதியானது. டாக்டர் திரும்ப வந்து கேட்கவில்லை.

அதன்பின் அவைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எல்லாம் ஆணையிலேயே முடிந்ததால் வருடத்துக்கு நான்கு நாள் கூடினால் பெரிய விஷயம். ஆறு சுருக்கெழுத்தாளர்களில் நான்கு பேரை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அக்காவைப் பதிவறைக்குப் போட்டார்கள். தன் வேலைக்கு உலை வைத்த வாக்கெடுப்பின்போது அவர் உட்கார்ந்து பென்சில் சீவியிருக்கிறார். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

பதிவறையில் இருந்தபோதுதான் அந்த ஆணை கண்ணில் பட்டது. மாட்டு டாக்டரின் தொகுதியில் மேய்ச்சல் நிலம் முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்கு அடுத்த தேர்தலில் கட்சி இடம் கொடுக்கவில்லை, ஊரிலேயே இருந்தார். மக்கள் அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சண்டை போட்டார்கள் என்றும், அச்சான அவைப் பதிவை யாரோ அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்கள் என்றும் தொகுதியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். நோய்ப்பட்ட மாட்டைக்கூட அவர் வீட்டைத் தாண்டி அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்களாம். அப்போதும் அக்கா வாயைத் திறக்கவில்லை. ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.

ஓய்வுபெற்ற மறுமாதம், கணவரிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினார். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். காலில் விழவும் தயார். அவர் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு நிற்கவும் தயார். பையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

டாக்டர் தளர்ந்திருந்தாலும் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அக்கா உட்காராமலே சொன்னார்:

“எனக்குக் கேட்டுச்சுங்க ஐயா. நீங்க இல்லைன்னு சொன்னீங்க.”

“நிஜமாவா சொன்னேன்?” என்றார் டாக்டர்.

அக்காவுக்குப் புரியவில்லை. அவர் மெதுவாக விளக்கினார். முதல் இரண்டு வருடம் தான் எதிர்த்ததாகத்தான் ஊரில் எல்லோரிடமும் சொன்னாராம். ஒருவரும் நம்பவில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்த்துப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் போனோம், நாக்கு எழாமல் உட்கார்ந்துவிட்டோமோ என்று தோன்ற ஆரம்பித்தது. கடைசியில் ஒரு நாள் வீடு வீடாகப் போய், நானும் ஆம் என்றவன்தான், மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தாராம்.

செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் கைகூப்பிக்கொண்டு தெருத் தெருவாகப் போயிருக்கிறார். அக்கா பையிலிருந்து தாளை எடுத்து, எழுதித் தருகிறேன் என்றார். டாக்டர் வேண்டாம் என்று கையசைத்தார். மன்னிப்புக் கேட்டவன் இப்போது போய் நான் செய்யவே இல்லை என்று எந்த வாயால் சொல்வது என்றார். ஒரே ஒரு உதவி செய்யுங்கள், என் சம்சாரத்திடம் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டார்.

அந்த அம்மாள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா தான் யாரென்று சொல்லி, கேட்டதைச் சொன்னார். அந்த அம்மாள் குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

“அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி எங்கிட்ட சொன்னாரு. மொதல்ல நானும் நம்பினேன். அவைப் பதிவு அச்சாகிப் புத்தகம் வந்ததுக்கப்புறம்தான் நம்பல. அதுல வேற மாதிரி எழுதியிருக்கே, எழுதுறவங்களுக்கு உங்க மேல என்ன பகை, அவங்க எதுக்குப் பொய் எழுதப்போறாங்கன்னு நான்தான் இவரக் கேட்டேன்.”

முன்னறையிலிருந்து டாக்டர், “சொல்லிட்டாங்களா?” என்று கேட்டார். அக்காதான், “சொல்லிட்டேங்க ஐயா,” என்றார்.