தூ ஹெங் மண்டியிட்ட நாள்

தூ ஹெங்கைக் கதவுப் பலகையில் குப்புறப் போட்டுத் தூக்கிவந்தார்கள். அரண்மனை வாசலில் தடியடி பட்ட அதிகாரிகள் அப்படித்தான் வீடு திரும்புவார்கள். நான் முன்பு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவள். அடிபடுகிறவர்கள் பெருகியதும் பீஜிங்கில் இவர்களின் புண்ணை ஆற்றுவதே என் பிழைப்பாகிவிட்டது.

அவர் பெரிய ஆள் இல்லை. சடங்குத் துறையில் கடைசி வரிசை. ஷான்சி பக்கம் கோதுமை விளைவிக்கும் குடும்பம். தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் தேர்வில் தேறினார். பேரரசர் காலை அவைக்கு வருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அதிகாரிகள் இருட்டிலேயே எழுந்து போய், காலியான அரியணையை வணங்கிவிட்டு வருவார்கள். இவர் மட்டும், தாங்கள் அவைக்கு வந்து அமர வேண்டும் என்று பேரரசருக்கு விண்ணப்பம் எழுதினார். அதற்குத்தான் அடி.

பிட்டத்திலும் தொடையிலும் செத்திருந்த சதையைச் சோளச் சாராயத்தில் கழுவிய கத்தியால் அறுத்து எடுத்தேன். துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தேறுகிற உடம்புதான் என்று பட்டது.

மறுநாளிலிருந்து நண்பர்கள் வந்தார்கள். நலம் விசாரிக்க இல்லை, வாழ்த்த.

"கொடுத்து வச்சவன்யா நீ. இனிமே உன் பேரு அழியாது" என்றார் ஒருவர், புண்ணை எட்டிப் பார்த்தபடி.

தூ ஹெங்கின் மனைவி மியாவ் அம்மாள் தினைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "அப்படின்னா நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்களேன் அண்ணே. தூக்கிட்டு வர கதவுப் பலகை இங்கதான் இருக்கு."

வாழ்த்த வந்தவர் தேநீரைக்கூட முடிக்காமல் கிளம்பினார். மற்றவர்களை நான் துரத்தினேன்.

புதுச் சதை பிடிக்கத் தொடங்கியது. கணவன் மனைவி இருவரிடமும் தெளிவாகச் சொன்னேன்: நான் சொல்லும்வரை இடுப்பையும் முழங்காலையும் மடக்கக் கூடாது. மடக்கினால் பிளக்கும். பிளந்தால் கால் போகும், உயிரே போனாலும் போகும்.

அந்த வாரமே அரண்மனையிலிருந்து ஆணையோடு ஒரு தூதர் வந்தார். வயதானவர்; வாசற்படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. பதவி பறிக்கப்பட்டது, சாதாரணக் குடிமகனாக ஊர் திரும்ப வேண்டும் என்பது செய்தி. ஆணையை மண்டியிட்டுத்தான் கேட்க வேண்டும். கேட்டபின் நெற்றியைத் தரையில் வைத்து நன்றி சொல்ல வேண்டும்.

"படுத்தே கேளுங்க ஐயா. எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்" என்றார் தூதர்.

தூ ஹெங் என்னைப் பார்த்தார். "பெரியம்மா, கொஞ்சம் பிடிச்சு எறக்கி விடுங்க."

"மாட்டேங்க ஐயா. அவரே வேணாங்கிறாரு, உங்களுக்கு என்ன?"

"அப்ப நானே எறங்குறேன்."

செங்கல் கட்டிலின் விளிம்பைப் பிடித்து இறங்கினார். நான் தோளைப் பிடித்து அமுக்கினேன். என் கையை உதறினார். மண்டியிட்டபோதே கட்டு நனைந்துவிட்டது. ஆணை படிக்கப்பட்டது. நெற்றி தரையில் படக் குனிந்து, "பேரரசரின் கருணைக்கு நன்றி" என்றார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்த தூதர் கிளம்பிப் போய்விட்டார்.

"கருணையா? இதுல எதுங்க கருணை?" என்று கேட்டாள் மியாவ் அம்மாள்.

அவர் தரையிலேயே கிடந்தார். "வணங்காம விட்டா, அந்த விண்ணப்பத்தை நான் கோவத்துல எழுதினேன்னு ஆயிடும். நான் கோவத்துல எழுதல."

நான் வெந்நீர் வைக்கப் போனேன். எனக்கும் அலுத்துவிட்டது. ஆற வைத்த புண்ணையே மறுபடி அறுப்பது என்ன வேலை?

காய்ச்சல் வந்தது, பிதற்றினார். பிழைக்க மாட்டார் என்று நினைத்து மியாவ் அம்மாளிடம் வெள்ளைத் துணி எடுத்துவைக்கச் சொன்னேன். பிழைத்தார். ஆனால் புண் இரண்டாம் முறை இழுத்துக்கொண்டு ஆறியதால் இடது கால் விறைத்துப்போனது. ஊருக்குக் கிளம்பும் காலையில் கடைசிக் கட்டை மாற்றினேன். வண்டி வாசலில் நின்றது.

பொதுவாக எல்லாரும் நடக்க முடியுமா என்று கேட்பார்கள். இவர், "மறுபடி மண்டியிட முடியுமா பெரியம்மா?" என்றார்.

"முடியாதுங்க ஐயா. அந்த முட்டி இனிமே மடங்காது."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கத்தி பட்டபோது அழாதவர் அப்போது அழுதார்.

மியாவ் அம்மாள் மூட்டையை இறுக்கிக் கட்டினாள். "மடங்காட்டிப் போகுது" என்றாள். "கஞ்சி ஆறுது, குடிங்க. வழி தூரம்."