மிஷினுக்கு இட்ட பட்டை

பிச்சாட்டூர் அம்சவேணி குவைத்திலிருந்து கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று, சக்கரம் வைத்த நீலப் பெட்டி. இன்னொன்று, தூசி இழுக்கும் மிஷினைப் பற்றிய ஞானம். பெட்டியை ஊரே வந்து தொட்டுப் பார்த்தது. ஞானத்தை யாரும் சீண்டவில்லை. துடைப்பம் இருக்கிற ஊரில் அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று அவள் புருஷன் தணிகாசலமே கேட்டான்.

அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. அங்கே மூன்று வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவளை மகள் தரணி "அத்தை" என்று கூப்பிட்டாள். இரண்டு வயதில் விட்டுப் போன பிள்ளை. அதைக் குற்றம் சொல்ல முடியுமா? "அம்மா" என்று அதன் வாயில் வர ஆறு மாதம் பிடித்தது. அந்த ஆறு மாதத்தை அம்சவேணி மறக்கவே இல்லை.

இப்போது, 2011இல், மறுபடியும் குவைத் விசா வந்து கிடந்தது. தணிகாசலத்தின் கொத்து வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. புத்தூர் ஏஜெண்ட் அவள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அக்டோபர் பன்னிரண்டு, புதன்கிழமை விமானம் என்று சொல்லிவிட்டார். நீலப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்த நாள் முதல் தரணி யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

போகாமல் இருக்க ஒரே ஒரு வழி இருந்தது. திருப்பதியில் துப்புரவு காண்டிராக்ட் எடுக்கும் ஸ்ரீஹரியிடம் அவள் தினக்கூலியாக இருந்தாள். சத்தியவேடு பக்கம் புதிதாக எழும்பிய ஒரு தொழிற்சாலையின் காண்டிராக்டுக்கு அவர் முயன்றுகொண்டிருந்தார். செல்போன் பாகங்கள் செய்யப் போகும் இடம். பெருக்கினால் தூசி எழும்பிப் பாகத்தின் மேல் உட்காரும். அதனால் மிஷின்தான் வேண்டும். ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் அம்சவேணி அங்கே மாதச் சம்பளத்தில் சூப்பர்வைசர். பிடிக்காவிட்டால் விமானம்.

அதற்காக ஸ்ரீஹரி வாங்கியது தூசிப் பை இல்லாத மிஷின். அந்த வகையை குவைத்தில் பழுது பார்க்க வந்த மலையாளி ஒருவர் அவளுக்குத் திறந்து காட்டியிருந்தார். கூட வேலை செய்யும் ரத்னம்மாவுக்கு அதை அவள் தன் வழியில் விளக்கினாள்.

"திருமல பஸ்ஸு வளைவுல திரும்பசொல்ல நாமெல்லாம் ஓரமா போய் மோதிக்கிறோம் இல்ல? அதே கததான். காத்து நேரா வராது, டப்பா ஓரத்த ஒரசிக்கினு நொழையும். சுத்து சுத்துன்னு சுத்தும். கனமான தூசி செவுத்துல மோதி கீழ வுழுந்துடும். காத்து மட்டும் நடுவால மேல ஏறி, பின்னால பூடும்."

அந்தப் பின்னால்தான் வினை. காற்று வெளியேற அங்கே மூன்று நீளக் கோடுகளாகத் திறப்பு இருந்தது. ஸ்ரீஹரியின் ஆபீஸில் ஆயுத பூஜை அன்று பார்த்தபோது அது அப்படியே நெற்றி மாதிரி இருந்தது அம்சவேணிக்கு. விபூதியையும் சந்தனத்தையும் சேர்த்துக் குழைத்து மூன்று கோட்டின் மேலும் பட்டையாகத் தீட்டி, நடுவில் குங்குமம் வைத்தாள். சோறு போடப் போகிற சாமி என்று கை தாராளமாகவே போயிற்று. பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி, ஆபீஸ் விடுமுறை. வெள்ளிக்கிழமை விடியலில் மிஷினை அப்படியே வேனில் ஏற்றினார்கள்.

மேனேஜர் கிரண்குமார் பேச்சைக் குறைத்துக்கொண்ட மனிதர். சிமெண்டும் மணலுமாக ஒரு சட்டித் தூசியைத் தன் கையாலேயே தரையில் கொட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். அம்சவேணி சுவிட்சைப் போட்டாள். உறுமவேண்டிய மிஷின் கிறீச்சென்று கீச்சுக் குரலில் கத்தியது. தூசி அசையவில்லை. உள்ளே போன கொஞ்சமும் சுழலாமல் டப்பாவின் அடியில் சோம்பேறியாகக் கிடந்தது.

கரண்டு சரியில்லை என்று ஸ்ரீஹரி இளித்தார். பதினோரு மணிக்கு வேறு கம்பெனி வருகிறது என்று மேனேஜர் தெலுங்கில் சொன்னார். அம்சவேணி குழாயை உருவிப் பார்த்தாள், அடைப்பில்லை. டப்பாவைக் கழற்றி மாட்டினாள். மறுபடி சுவிட்சைப் போட்டு, பின்பக்கம் கையை வைத்தாள். வழக்கமாக வெதுவெதுப்பாக வந்து மோதும் காற்று இல்லவே இல்லை. குனிந்து பார்த்தாள். தான் இட்ட பட்டை காய்ந்து களிமண்ணாக இறுகி அவளைப் பார்த்தது. போகிற வழி அடைத்தால் வருகிற வழி ஏது? காற்றுக்கு வேகம் இல்லையென்றால் சுழற்சி எங்கிருந்து வரும்?

தலையிலிருந்த ஹேர்பின்னை உருவினாள். ரத்னம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. பூஜ போட்டது. சொரண்டாத."

"மூச்ச அடைக்கச் சொல்லி சாமி கேக்கல ரத்னா. நான்தான் அடச்சிட்டேன்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுரண்டினாள். ஒரு துகள் தரையில் விழாமல் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். திறப்புக்கு உள்ளே சந்தனம் ஊறிப் போயிருந்த வடிகட்டிப் பஞ்சையும் உருவி எடுத்தாள். இந்த முறை மிஷின் உறுமியது. தரையின் தூசி குழாயில் பாய்ந்து, டப்பாவின் சுவரோரமாகப் பழுப்பு வளையமாய்ச் சுற்றிச் சுற்றி விழுந்தது.

என்ன கோளாறு என்று மேனேஜர் கேட்டார். பழியை விற்றவன் தலையில் போட்டார் ஸ்ரீஹரி. கோளாறான சரக்கைக் கொடுத்துவிட்டானாம். அப்படியானால் இந்த மிஷின் வேண்டாம் என்று மேனேஜர் திரும்பிவிட்டார். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. அம்சவேணி முந்தானையை விரித்து விபூதியைக் காட்டினாள். மிஷின் நல்ல மிஷின், தப்பு என்னுடையது என்று தெலுங்கில் சொன்னாள்.

அவர் குனிந்து அந்த விபூதியைப் பார்த்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். பொட்டை மேல் மூடியில் வைப்பேன் என்றாள் அவள். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்துவிடச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நீலப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். தரணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பொதங்கெழம இருப்பியா?"

"இருப்பேன்."

"வியாழக்கெழம?"

"இங்கதான் இருப்பேன்."

ஏழு நாளையும் கேட்டாள் பிள்ளை. அம்சவேணி ஏழுக்கும் பதில் சொன்னாள். அதன் பிறகு தரணி காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு போய், சுவரில் முட்டும் வரை கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தள்ளிவிட்டு வந்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.