மிக்ஸி ஓடினால் அணையும் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அம்மாவின் மிக்ஸிக்கும் ஆகாது. மாமா யாரிடமோ வாங்கிவந்து தந்த பழைய கம்ப்யூட்டர் அது. பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும், டி.வி.யில் மாட்டித்தான் விளையாட வேண்டும். அதற்குக் கரெண்ட் கொடுக்கும் பெட்டி மட்டும் செங்கல் கனம். தொட்டால் சுடும்.

சங்கரன்கோவிலில் சாயங்காலம் விசைத்தறிகள் மும்முரமாக ஓடும்போது எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும். டியூப்லைட் மினுக்கும். அக்காவும் நானும் எதிரி விமானங்களைச் சுட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக ஏறியிருப்போம். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் மிக்ஸி ஓடும். டி.வி. எப்படியோ தாக்குப்பிடித்துவிடும், கம்ப்யூட்டர் தாங்காது. ஆட்டம் அழிந்து ஆரம்பத்துக்கே வந்து நிற்கும். வேறு வழியில்லாமல் புத்தகத்தை எடுப்போம். கடைசிக் கட்டம் எப்படியிருக்கும் என்று நாங்கள் பார்த்ததே இல்லை.

பரீட்சை லீவில் மாமா வந்தபோது அழாத குறையாக முறையிட்டோம். பெட்டிக்குள் இருப்பது பழைய டிரான்ஸ்பார்மர், வோல்டேஜ் இறங்கினால் அதுவும் சேர்ந்து இறங்கிவிடும் என்றார் அவர். மறுநாள் உள்ளங்கை அளவில் புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே எதுவும் இல்லையோ என்று சந்தேகப்பட்டாள்.

"இது கரெண்ட்ட விட்டு விட்டு இழுக்கும். வோல்டேஜ் கம்மியானா கொஞ்சம் கூடநேரம் இழுத்துக்கிடும். அவ்வளவுதான்" என்றார் மாமா.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மிக்ஸி ஓடியது. டியூப்லைட் மங்கியது. எங்கள் விமானம் பறந்துகொண்டே இருந்தது. மிக்ஸி நின்றது, மறுபடி ஓடியது. பிறகு இன்னொரு தடவை, வெகுநேரம். கடைசியில் அம்மாவே எட்டிப்பார்த்தாள்.

"இன்னுமா அணையல?"

இனி அணையாது என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். அம்மா மாமாவைப் பார்த்து, "ஏலே, நல்ல வேல பாத்துவச்சிருக்க" என்றாள். அப்புறம் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்து, தானும் ஒரு கை பார்ப்பதாகச் சொல்லி விளையாடினாள். எடுத்த எடுப்பிலேயே போய் மோதினாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைசிக் கட்டத்தையும் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் தோசையும் மிளகாய்ப்பொடியும்தான் இருந்தன. அவ்வளவு நேரம் அரைத்த சட்னி எங்கே என்று கேட்டேன். மாமாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா அவர் தலையில் தட்டிக்கொண்டே என்னிடம், "பேசாம சாப்பிடுட்டி" என்றாள். அவளும் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.